கூட்டம் இல்லாத இடம் வேணும்னா பாறையும் சுனையும் இருக்குற பக்கம் போங்க

ஊட்டி, கொடைக்கானல், மகாபலிபுரம், தஞ்சாவூர் எல்லாம் பாத்தாச்சு, மூணு நாள் லீவு இருக்கு, வயசான அப்பா அம்மாவும் ரெண்டு பசங்களும் கூட வராங்க, தமிழ்நாட்டுக்குள்ளயே கூட்டம் இல்லாம இயற்கையும் வரலாறும் சேந்து இருக்குற மாதிரி எங்க போலாம்னு கேட்டிருக்கீங்க. நிறைய இருக்குங்க. ஆனா ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், "தெரியாத 50 இடங்கள்"னு ஒரு லிஸ்ட்ட எடுத்து வச்சுக்கிட்டு இன்னைக்கு ஜவ்வாது மலை, நாளைக்கு தேரிக்காடுன்னு ஓடாதீங்க, பாதி லீவு கார் சீட்லயே போயிடும். ஒரே ஒரு வட்டாரம் எடுத்துக்கோங்க, நடுவுல இருக்குற டவுன்ல ரூம் போடுங்க, காலைல ரெண்டு இடம், சாயங்காலம் ஒரு இடம், மத்தியானம் வெயில்ல நல்லா தூங்குங்க. அப்பதான் எதையாவது நின்னு பாக்க முடியும்.

எந்த வட்டாரம்னு எப்படி தேர்ந்தெடுக்கறதுன்னா, நான் பாக்குறது ரெண்டே விஷயம், சமவெளியில தனியா நிக்குற கருங்கல் குன்று, அந்தக் குன்றுல ஒரு சுனை. இது ரெண்டும் இருந்தா மிச்சம் எல்லாம் தானா இருக்கும். ஏன்னா நம்ம ஊர்ல இயற்கையும் வரலாறும் தனித்தனியா கிடக்கல. மழைத்தண்ணி பாறைக்குழியில தேங்கி சுனையா நிக்குது, பாறைச் சரிவுல வழியிற தண்ணி அடிவாரத்துல கண்மாயில சேருது, தண்ணி இருந்ததால இரும்புக் காலத்துலயே ஜனங்க அங்க குடியிருந்து செத்தவங்கள கல்வட்டம் போட்டு புதைச்சிருக்காங்க, அப்புறம் நிழலான குகை இருக்கேன்னு சமணத் துறவிங்க வந்து படுக்கை வெட்டிக்கிட்டாங்க, அதுக்கப்புறம் பாண்டியனோ பல்லவனோ முத்தரையரோ வந்து அதே பாறையில கோயில் குடைஞ்சாங்க, இன்னைக்கும் அடிவாரத்துல அய்யனாரோ முனீஸ்வரனோ உக்காந்திருக்காரு. ஒரே பாறைய சுத்தி வந்தா 2000 வருஷம் முடிஞ்சிடும், நடுவுல தாமரைக் குளம், மயில், கழுகு எல்லாம் பாத்துக்கலாம்.

இந்த கணக்குல பாத்தா எனக்கு முதல் இடம் புதுக்கோட்டைதான். கோயிலுக்குன்னு வர்றவங்க பக்கத்துல தஞ்சாவூர், மதுரை, காரைக்குடின்னு போயிடறாங்க, புதுக்கோட்டைய பஸ் ஜன்னல்ல பாத்துட்டு கடந்து போறாங்க. டவுன்ல இருந்து சுமார் 16 கிலோமீட்டர்ல சித்தன்னவாசல். ஸ்கூல் புத்தகத்துல பேரு படிச்சிருப்பீங்க, ஆனா போனவங்க கம்மி, போனவங்கள்லயும் பாதிப்பேரு கீழ பூங்காவுல போட்டிங் பண்ணிட்டு திரும்பிடறாங்க. மேல அறிவர் கோயில்னு ஒரு சின்ன குடைவரை இருக்கு, உள்ள நாலஞ்சு பேர் நின்னாலே நிறைஞ்சிடும். உள்ள போனதும் அவசரப்படாம ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க, வெளி வெயில்ல இருந்து வந்த கண்ணுக்கு முதல்ல ஒண்ணுமே தெரியாது, கறை படிஞ்ச விதானம் மாதிரிதான் இருக்கும். கண்ணு பழகினதும் அங்கங்க பச்சை தெரிய ஆரம்பிக்கும், அது தாமரை இலை, அப்புறம் ஒரு மொட்டு, பாதி விரிஞ்ச பூ, இலைக்கு நடுவுல மீனு, அன்னம், தண்ணிக்குள்ள எறங்கி நிக்குற எருமை, யானை, பூ பறிக்கிற மூணு ஆளுங்க, அதுல ஒருத்தரு கைல தாமரைத் தண்டோட நிக்குறாரு. தண்டுல இருக்குற சொரசொரப்பக் கூட சின்னச் சின்ன புள்ளியா வச்சிருக்காங்க. சுண்ணாம்பு, கரி, காவிக்கல்லு மாதிரி சாதாரண பொருள்ல வரைஞ்சது. தூண்ல ரெண்டு ஆடல் பெண்கள் உண்டு, நிறைய அழிஞ்சு போச்சு, ஆனா கைய வீசி நிக்குற அந்த வளைவு இன்னும் தெரியுது. 9ஆம் நூற்றாண்டுல மதுரையச் சேர்ந்த இளங்கௌதமன்ங்கிற சமண ஆசிரியர் இந்தக் கோயில புதுப்பிச்சு முன்மண்டபம் எடுத்தாருன்னு அங்கயே கல்வெட்டு இருக்கு. கருவறைக்குள்ள நின்னு வாய மூடிக்கிட்டு மெதுவா "ம்ம்ம்"னு இழுத்துப் பாருங்க, அறையே அதிர்ற மாதிரி திருப்பி வரும், பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஃப்ளாஷ் மட்டும் போடவே போடாதீங்க, சுவர தொடாதீங்க, ஏற்கனவே போனது போதும்.

அதே குன்றுக்கு இன்னொரு பக்கம் ஏழடிப்பட்டம் இருக்கு, இது வேற வழி, வேற ஏற்றம். பாறை உச்சிக்கு ஏறி அந்தப் பக்கம் ஒரு விளிம்பு வழியா எறங்கிப் போகணும், கம்பி போட்டிருக்காங்க, பயம் இல்ல, ஆனா முட்டி வலி இருக்கறவங்க வேண்டாம். அங்க இயற்கையான குகைத் தாழ்வாரத்துல 17 கல் படுக்கை, தலைமாட்டுல தலையணை மாதிரி கல்ல மேடாவே விட்டு வழவழன்னு செதுக்கியிருக்காங்க. ஒரு படுக்கை மேல தமிழி எழுத்துல, அதாவது ரொம்பப் பழைய தமிழ் எழுத்துல, ஒரு கல்வெட்டு, எருமி நாட்டு குமுழூர்ல பிறந்த காவுதி ஈதனுக்கு சிறுபோசில் இளையர் செஞ்சு கொடுத்த இருக்கைன்னு. 2000 வருஷத்துக்கு முன்னாடி ஒரு துறவி வெயில் தாங்காம இங்க வந்து தங்கியிருக்காரு, ஊரு ஆளு ஒருத்தரு அவருக்கு கல்லுல படுக்கை வெட்டிக் கொடுத்து தன் பேரையும் எழுதி வச்சிருக்காரு. ராஜாவும் இல்ல, போரும் இல்ல. எனக்கு இந்த மாதிரி கல்வெட்டுதான் ரொம்பப் பிடிக்கும். வர்ற வழியில ரோட்டோரம் பொட்டல்ல பெரிய பெரிய கல்லா வட்டமா கிடக்கும், அதுதான் முன்ன சொன்ன இரும்புக் கால புதைகுழிங்க, போர்டு இருந்தாலும் இல்லாட்டியும் பாத்துக்கிட்டே வாங்க.

அடுத்தது நார்த்தாமலை, திருச்சி புதுக்கோட்டை ரோட்டுல இருந்து உள்ள போகணும். முத்துமாரியம்மன் கோயிலுக்கு பங்குனியில பெருங்கூட்டம் வரும், ஆனா பின்னாடி மேலமலைல ஏறுறவங்க ரொம்பக் கம்மி. வெறும் பாறைச் சரிவுதான், கருப்பும் சாம்பலுமா, காலுக்கு நல்லா பிடிக்கும், மெதுவா ஏறினா 20 நிமிஷத்துல ஒரு கல் மேடைக்கு வந்துடுவீங்க. அங்க விஜயாலய சோழீச்சரம். பேர்ல சோழன் இருந்தாலும் இத எடுத்தது சாத்தன் பூதிங்கிற முத்தரையர் தலைவர், மழையில இடிஞ்சு போனத மல்லன் விடுமன்ங்கிறவரு திரும்ப எடுத்துக் கட்டினாருன்னு வாசல்ல துவாரபாலகருக்கு அடியில கல்வெட்டு சொல்லுது. 9ஆம் நூற்றாண்டு. வெளிய சதுரமா இருக்கும், உள்ள போனா கருவறை வட்டம், ரெண்டுக்கும் நடுவுல சுத்தி வர சின்ன இடைவெளி. மேற்கப் பாத்த கோயில், அதனால சாயங்காலம்தான் போகணும், நாலு மணிக்கு மேல வெளிச்சம் நேரா முகப்புல விழும், விமானத்துல இருக்குற சின்னச் சின்ன உருவம் எல்லாம் அப்பதான் தெளிவா தெரியும். எதிர்லயே பாறையில ரெண்டு குடைவரை, ஒண்ணு சின்ன சிவன் கோயில், இன்னொண்ணுல சுவர் முழுக்க 12 விஷ்ணு, எல்லாம் ஆளுயரத்துக்கு ஒரே மாதிரி வரிசையா நிக்குறாங்க. அதுக்கு சமணர் குடகுன்னு பேரு, முன்ன சமணர் இடமா இருந்து பின்னாடி பெருமாள் கோயிலா மாறினது. சுனையும் இருக்கு, ஒரு சுனைக்குள்ள தண்ணிக்கு அடியில குடைஞ்ச சன்னதியில லிங்கம் இருக்கு, தண்ணி இருக்குறப்ப கண்ணுக்கே தெரியாது. மேல நின்னு பாத்தா சுத்தி எட்டுக் குன்று, நடுவுல கண்மாய், அங்கங்க கல் குவாரி வெட்டின வெள்ளைக் காயம். அந்தக் குவாரிங்கள பாக்கறப்ப மனசு கஷ்டமாதான் இருக்கும், ஒவ்வொரு குன்றுலயும் என்ன போச்சுன்னு யாருக்குத் தெரியும்.

குடுமியான்மலைக்கு ஏற்றமே கிடையாது, அப்பா அம்மாவோட போக சரியான இடம். பெரிய சிவன் கோயில், நாயக்கர் கால சிலைங்க தூண்ல நிக்குற மண்டபம், அத பாத்துட்டு நிறையப் பேரு கிளம்பிடுவாங்க. கிளம்பாதீங்க. பின்னாடி பாறையில மேலைக்கோயில்னு குடைவரை இருக்கு, அதுக்குப் பக்கத்துல பாறை மொகத்துலயே ஒரு ஆளு உயரத்துக்கு மேல பெரிய சதுரமா கிரந்த எழுத்து வெட்டியிருக்கும், அதுதான் இசைக் கல்வெட்டு. 7ஆம் நூற்றாண்டு. ஸ்வரங்கள ஏழு பகுதியா பிரிச்சு, ருத்ராசாரியர்ங்கிற குருவோட சிஷ்யனான ஒரு ராஜா மாணவர்களுக்காக எழுத வச்சது. வீணை மாதிரி நரம்புக் கருவியில பழகறதுக்கான பாடம், அதுவும் பாறையில. சங்கீதம் கத்துக்குற புள்ளைங்க வீட்ல இருந்தா கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. மேல உச்சிப்பாறையில ரிஷபத்து மேல சிவன் பார்வதி, ரெண்டு பக்கமும் வரிசையா 63 நாயன்மார், கீழ இருந்து நிமிந்து பாத்தாலே தெரியும்.

இன்னொரு அரை நாள் இருந்தா விராலிமலை பக்கம் கொடும்பாளூர் மூவர் கோயில். பூதி விக்கிரமகேசரிங்கிற இருக்குவேள் தலைவன் தனக்கும் தன் ரெண்டு மனைவிங்களுக்கும் சேத்து எடுத்த மூணு கோயில்ல ரெண்டு முழுசா நிக்குது, மூணாவதுக்கு அடித்தளம் மட்டும். புல்தரை, வேப்பமரம், ரெண்டு விமானம், பெரும்பாலும் வேற யாருமே இருக்க மாட்டாங்க. தெக்க திருமயம் கோட்டை, 1687ல கிழவன் சேதுபதி கட்டினது, உச்சியில பீரங்கி இருக்கு, பசங்க குஷியாயிடுவாங்க.

புதுக்கோட்டையிலேயே மூணு நாள் நிறைஞ்சிடும். ஆனா உங்க ஊரு எந்தப் பக்கம்னு எழுதலயே, அதனால மத்த வட்டாரங்களும் சொல்றேன்.

தெக்க இருக்கறவங்களுக்கு கழுகுமலை. கோவில்பட்டில ரூம் போட்டுக்கோங்க, அங்க இருந்து 20 கிலோமீட்டர் சொச்சம். முருகன் கோயிலுக்கு எல்லாரும் போவாங்க, அதே மலைல மேல இருக்குற வெட்டுவான் கோயிலுக்கு கொஞ்சம் பேருதான். எல்லோரா கைலாசநாதர் கோயில் மாதிரியே மலைய மேல இருந்து கீழ நோக்கி வெட்டி எறக்கின கோயில், 8ஆம் நூற்றாண்டு பாண்டியர் வேலை. பாறைய மூணு பக்கமும் பள்ளமா வெட்டி, நடுவுல ஒரு பெரிய கல்லத் தனியா விட்டு, அதோட உச்சியில இருந்து செதுக்க ஆரம்பிச்சிருக்காங்க. ஏதோ காரணத்துல பாதியில நின்னு போச்சு. நிறையப் பேரு சிகரத்துல இருக்குற உமாமகேசுவரரையும் மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தியையும் ஃபோட்டோ எடுத்துட்டு வந்துடறாங்க, நீங்க கொஞ்சம் கீழ பாருங்க. மேல சிவனோட பூதகணங்க ஒவ்வொண்ணும் ஒவ்வொரு முகபாவத்தோட சிரிச்சுக்கிட்டு இருக்கும், அதுக்குக் கீழ வர வர உருவம் மழுங்கி, அப்புறம் வெறும் கட்டம் கட்டமா வெட்டின பாறை, அதுக்கும் கீழ உளித்தடம் வரிவரியா அப்படியே இருக்கு. ஒரு சிற்பி முதல்ல எவ்வளவு கல்ல எடுப்பான், எந்த எடத்துல நிறுத்துவான், எப்ப நுணுக்க வேலைக்கு மாறுவான்ங்கிறது எல்லாம் ஒரே கல்லுல வரிசையா தெரியும். முடிஞ்சு போன கோயில்ல இத பாக்கவே முடியாது, அதனாலதான் எனக்கு இது முடியாம நின்னதுல ஒரு வருத்தமும் இல்ல.

அங்க இருந்து கொஞ்ச தூரம் பாறை மேல நடந்தா சமணர் சிற்பங்க, பாறை மொகம் பூரா வரிசை வரிசையா தீர்த்தங்கரர், அதாவது சமணர் வணங்குற குருமாருங்க, நூத்துக்கு மேல இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் அடியில வட்டெழுத்துங்கிற பழைய எழுத்துல செய்வித்தவங்க பேரு. இதுல ரொம்ப முக்கியமானது என்னன்னா பொம்பளத் துறவிங்க, குரத்திகள்னு சொல்வாங்க, அவங்க பேரும் நிறைய வருது, அவங்க ஆசிரியரா இருந்து மாணவர்கள வச்சிருந்தாங்கன்னு தெரியுது. 1100 வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கரிசல் காட்டுக்கு நடுவுல ஒரு பள்ளி, அதுல பெண் ஆசிரியர்கள். உங்க பொண்ணு கூட வந்தா அந்த எடத்துல நிறுத்தி இத சொல்லுங்க. சிங்கத்தோட நிக்குற அம்பிகாங்கிற சமணப் பெண் தெய்வம் (இயக்கி) சிற்பத்தையும் விட்றாதீங்க. திரும்பி வரும்போது கோவில்பட்டி கடலை மிட்டாய் வாங்காம யாரும் வர மாட்டாங்க, அத நான் சொல்ல வேண்டியதில்ல.

இந்தப் பக்கம் வந்தவங்க ஒரு நாள் சேத்து தேரிக்காட்டையும் பாத்துடலாம், இது பாறை இல்ல, அதுக்கு நேர் எதிர், ஆனா விட மனசில்ல. திருச்செந்தூர்ல இருந்து அரை மணி நேரத்துல குதிரைமொழித் தேரி, கண்ணுக்கெட்டின வரைக்கும் ரத்தச் சிவப்பா மணல் மேடு. மணல்ல இருக்குற இரும்புச் சத்து துருவாகி ஒவ்வொரு மணியிலயும் பூசினதுதான் அந்த நிறம். காத்து நகர்த்திக்கிட்டே இருந்த மேடுங்கள பனையும் முந்திரியும் வச்சு நிறுத்தியிருக்காங்க. இந்தத் தேரிங்கள்ல கல் காலத்து சின்னச் சின்னக் கல் கருவிங்க கிடைச்சிருக்கு. நடுவுல அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில், அவ்வளவு மணலுக்கு நடுவுல ஒரு சுனை, சுத்தி அடர்ந்த மரம். மழைத் தண்ணிய மணல் உறிஞ்சு வச்சுக்கிட்டு கீழ மெதுவா விடறதுதான் அந்தச் சுனை. கோயில் வரைக்கும் வண்டி போகும், ஆனா தேரிக்குள்ள தனியா ரொம்ப தூரம் நடக்காதீங்க, எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கும், திசை தப்பிடும். பங்குனி சித்திரையில பகல்ல காலே வைக்க முடியாது. முடிஞ்சா அப்படியே மணப்பாடு, கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்குற மணல் பாறை முனையில 1581ல எழுப்பின திருச்சிலுவைக் கோயில், அதுக்குக் கீழ பிரான்சிஸ் சவேரியார் தங்கின குகை, சாயங்காலம் அலை அடிக்கிற சத்தத்தோட உக்காரலாம்.

வடக்க, குறிப்பா சென்னையில இருந்து வர்றவங்களுக்கு விழுப்புரம் செஞ்சி வட்டாரம். செஞ்சிக் கோட்டைய எல்லாருக்கும் தெரியும், அதுக்குப் போற ரோட்டுல மண்டகப்பட்டு எத்தன பேருக்குத் தெரியும்? ஒரு சாதாரணக் குன்று, அடியில மூணு அறை வெட்டின குடைவரை, ரெண்டு பக்கமும் கதாயுதத்துல கைய ஊன்றி நிக்குற துவாரபாலகருங்க. செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம பிரம்மாவுக்கும் ஈசனுக்கும் விஷ்ணுவுக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில்னு கல்வெட்டு இருக்கு. விசித்திரசித்தன்னா பல்லவ ராஜா முதலாம் மகேந்திரவர்மன். மகாபலிபுரத்து வேலை எல்லாம் அதுக்கு அப்புறம் அவன் வம்சத்துல வந்ததுதான், மகாபலிபுரம் பாத்துட்டீங்கன்னு சொன்னதாலயே இத சொல்றேன், ஆரம்பத்த வந்து பாருங்க. பக்கத்துலயே தளவானூர் குடைவரை. அப்புறம் பனைமலை, அதே பல்லவ வம்சத்து ராஜசிம்மன் எடுத்த தாளகிரீசுவரர் கோயில், குன்று உச்சியில, கீழ பெரிய ஏரி. பக்கச் சன்னதி ஒண்ணுல சுவர்ல பார்வதி ஓவியம், ஒரு கால மடிச்சு தலைய சாச்சுக்கிட்டு சிவன் ஆடறத பாக்குறா, மேல குடை, மிச்சம் எல்லாம் உதிர்ந்து போச்சு, அந்த முகம் மட்டும் நின்னுடுச்சு. சன்னதி பூட்டி இருந்தா கீழ கிராமத்துல கேளுங்க.

செஞ்சிக்கு வடக்க திருநாதர் குன்று, ஒரே பாறையில ரெண்டு வரிசையா 24 தீர்த்தங்கரர். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாம நோன்பிருந்து உயிர விட்ட இடம்னு கல்வெட்டு இங்க இருக்கு, பழைய எழுத்து படிக்கிறவங்களுக்கு ரொம்ப முக்கியமான கல்வெட்டு இது. இந்தப் பக்கம் தமிழ்ச் சமணக் குடும்பங்க இன்னமும் விவசாயம் பண்ணிக்கிட்டு இருக்காங்க, மேல்சித்தாமூர்ல அவங்க மடமும் பெரிய கோயிலும் இருக்கு, போனா அன்பா பேசுவாங்க. அதே சுத்துல திருவக்கரை. வக்கிரகாளி கோயிலுக்கு பௌர்ணமியில நல்ல கூட்டம், ஆனா அதுக்குப் பக்கத்துலயே தேசிய கல்மரப் பூங்கா காலியா கிடக்கும். சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன்னாடி இருந்த மரங்க, கல்லா மாறி அடிமரம் அடிமரமா படுத்துக் கிடக்கு. கிளையும் வேரும் இல்லாம வெறும் தண்டா கிடக்குறதப் பாத்துதான் இது இங்க வளந்த மரம் இல்ல, வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு வந்து மணல்ல புதைஞ்சதுன்னு சொல்றாங்க. பக்கத்துல குனிஞ்சு பாத்தா மரத்தோட வளையமும் ரேகையும் அப்படியே தெரியும்.

கல்மரம் பிடிச்சிருந்தா பெரம்பலூர் பக்கம் சாத்தனூர், அங்க 18 மீட்டர் நீளத்துக்கு ஒரே மரம், இது இன்னும் பழசு, 12 கோடி வருஷம்னு போட்டிருப்பாங்க. அப்ப இந்தப் பக்கம் எல்லாம் கடல். அங்க இருந்து காரைக்குப் போங்க, மழை அரிச்சு அரிச்சு செம்மண்ணும் மஞ்சளுமா ஓடை ஓடையா பிளந்து கிடக்குற பூமி, ஒரு புல்லு கிடையாது, தரையில பென்சில் முனை மாதிரி சின்னச் சின்னதா கிடக்குறது பெலம்னைட், கணவாய் மீனோட பழைய சொந்தக்காரன். எடுத்து பாருங்க, பசங்க கைல குடுங்க, ஃபோட்டோ எடுத்துக்கோங்க, அங்கயே வச்சுட்டு வாங்க. பைல போட்டு அள்ளிக்கிட்டுப் போறவங்களால இந்த எடம் வருஷா வருஷம் காலியாகிக்கிட்டு இருக்கு.

மதுரைக்காரங்களுக்கு அரிட்டாபட்டி. ஏழு குன்று, ஊர்க்காரங்க கணக்குல 72 ஏரி, 200 ஊற்று, ராஜாளியும் கழுகும் கூடு கட்டுற பாறை, தமிழிக் கல்வெட்டு, லகுலீசர்ங்கிற சைவ குருவோட சிற்பம் இருக்குற பாண்டியர் குடைவரை, நான் முதல்ல சொன்ன கணக்கு முழுசா ஒரே ஊர்ல இருக்கு. 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. 2024 கடைசில டங்ஸ்டன் சுரங்கத்துக்கு இந்தப் பகுதிய ஏலம் விட்டது செய்தியில வந்ததே, ஊரே திரண்டு நின்னு 2025 ஜனவரியில அத ரத்து பண்ண வச்சாங்க. அதனால அங்க போறப்ப ஊருக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டு, ஊர்ல இருக்குற ஒருத்தரையே வழிகாட்டியா கூட்டிட்டுப் போங்க, கொடுக்குற காசும் அவங்களுக்குப் போகட்டும். பக்கத்துல சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில கூடு கட்டுற பறவைங்களுக்காக அந்த ஊர்ல தீபாவளிக்கு வெடியே போடறதில்ல, கார்த்திகை மார்கழியில போனா மரம் பூரா நத்தைகுத்தி நாரையும் கொக்குமா இருக்கும்.

கன்னியாகுமரி போறவங்க மார்த்தாண்டத்துல எறங்கி சிதறால் மலைக்கு ஒரு காலை ஒதுக்குங்க, சமணக் குகை பின்னாடி பகவதி கோயிலா மாறினது, நடைபாதை நல்லா போட்டிருக்கு, உச்சியில சுனை. சென்னையில ஒரே நாள்தான் இருக்குன்னா கிழக்குக் கடற்கரைச் சாலையில கடப்பாக்கம் பக்கத்துல ஆலம்பரைக் கோட்டை, 1760ல ஆங்கிலேயர் உடைச்ச கோட்டையோட மிச்சம், அதுக்குப் பின்னாடி கழிமுகம், அவ்வளவுதான், ஆனா அருமையா இருக்கும்.

எப்ப போறதுன்னா மார்கழி, தை. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு சுனையும் கண்மாயும் நிறைஞ்சு இருக்கும், வெயில் தாங்கலாம். மழை பெய்யிறப்ப மட்டும் பாறைச் சரிவுல ஏறவே ஏறாதீங்க, பாசி வழுக்கும். நல்ல பிடிமானம் இருக்குற செருப்போ ஷூவோ போடுங்க, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, மேல கடை எதுவும் கிடையாது. குடைவரைப் பாறைங்கள்ல மலைத்தேனீக் கூடு தொங்கும், அதுக்குக் கீழ சத்தம் போடறது, புகை போடறது, கல்லெறியறது எதுவும் கூடாது, இது விளையாட்டு இல்ல, பசங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. தொல்லியல் துறை கோயில்ங்க நிறைய பூட்டித்தான் இருக்கும், சாவி வச்சிருக்குற பணியாளர் அந்த ஊர்க்காரராதான் இருப்பாரு, டீக்கடையில கேட்டா ஆளனுப்பி கூப்பிட்டு விடுவாங்க. அவசரப்படுத்தாதீங்க, அவருகிட்ட பேச்சு குடுங்க, எந்த மாசம் எந்த நேரத்துக்கு வெயில் எந்தச் சிலை மேல விழும்ங்கிறது வரைக்கும் அவருக்குத் தெரியும். அய்யனார் கோயில் எல்லையில செருப்ப கழட்டிடுங்க. சமணர் படுக்கையிலயே பேரு கிறுக்கி வச்சிருக்குறதையும் பாறை மேல உடைஞ்ச பாட்டிலையும் பாக்கறப்ப வயிறு எரியுது, நீங்க போட்டது இல்லன்னாலும் ஒரு பை கொண்டு போய் முடிஞ்ச அளவு கீழ எடுத்துட்டு வாங்க.

அம்மாவுக்கு முட்டி வலின்னு கடைசில எழுதியிருந்தீங்க, அதனால உங்களுக்கு புதுக்கோட்டையவே சொல்றேன், இப்படி பிரிச்சுக்கோங்க. முதல் நாள் காலைல குடுமியான்மலை, கொடும்பாளூர், ரெண்டும் அம்மாவால நடக்க முடியும். ரெண்டாம் நாள் காலைல சித்தன்னவாசல் ஓவியக் குகை, கொஞ்சம் படிதான், கைய பிடிச்சு மெதுவா ஏத்திடலாம். ஏழடிப்பட்டத்துக்கு நீங்களும் பசங்களும் மட்டும் போங்க, அப்பா அம்மா கீழ பூங்கா நிழல்ல இருக்கட்டும். அன்னைக்கு சாயங்காலம் நார்த்தாமலை, அங்கயும் அவங்க கீழ அம்மன் கோயில்ல இருந்துக்கலாம், நீங்க நாலு மணிக்கு ஏற ஆரம்பிச்சு ஆறு மணிக்குள்ள எறங்கிடுங்க, இருட்டினா பாறையில வழி தெரியாது. மூணாம் நாள் திருமயம் பாத்துட்டு அப்படியே ஊருக்குக் கிளம்பிடலாம், அங்க அடிவாரத்துல குடைவரையில பள்ளிகொண்ட பெருமாள் இருக்காரு, அம்மா அவர தரிசனம் பண்ணட்டும், கோட்டைக்கு பசங்க ஏறட்டும்.